சுவருக்கு அந்தப் பக்கத்துப் பூ

பூசணிக்கொடிக்குக் கொஞ்சம் ரோஷம் இருந்திருந்தால் எங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். என்னைப் பெற்ற அத்தா அதற்குக் கிழக்கே பார்த்துப் பந்தல் போட்டுக் கொடுத்தார். கயிறு கட்டி, கவட்டைக் குச்சி நட்டு, தினமும் நுனியைக் கையால் எடுத்துத் திருப்பியும் விட்டார். அது சொன்ன பேச்சுக் கேட்பது போல இரண்டு நாள் இருந்துவிட்டு, மேற்கே திரும்பிச் சுவரேறியது. எந்த வீட்டு வாசற்படியை இனி மிதிப்பதில்லை என்று அத்தா சபதம் போட்டிருந்தாரோ, அந்த வீட்டு விறகுக் கொட்டகையின் தகரத்தில் போய்ச் சொகுசாகப் படுத்துக்கொண்டது.

அந்த வீடு பெரியத்தாவுடையது. அத்தாவின் கூடப் பிறந்த அண்ணன். நாகல் நகரில் ஒரே வீடாக இருந்ததை நடுவில் ஹாலோபிளாக் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே பிரியாணிக் கடையில் ஒரே அடுப்பின் முன்னால் நின்றவர்கள். ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு பெரிய மனிதர் சாப்பிட்ட வாய் சும்மா இராமல், “அண்ணன் கையவிடத் தம்பி கை பிரமாதம்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போயிருக்கிறார். பெரியத்தா சிரித்துக்கொண்டே, “கரண்டி புடிக்கச் சொல்லிக் குடுத்ததே நாந்தான்” என்றாராம். சபையில் அப்படிச் சொல்லலாமா என்று அத்தாவுக்குப் பொறுக்கவில்லை. தனியாகக் கடை போட்டார். பெரியத்தா சுவர் வைத்தார். அம்மாவைக் கேட்டால் சண்டைக்குக் காரணம் வேறொன்று சொல்வார், பெரியம்மா இன்னொன்று சொல்வார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றித் திண்டுக்கல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி மழை பெய்தால் போர்த் தண்ணீர் கொஞ்ச காலம் வாயில் வைக்கும்படி இருக்கும். தை வந்தால் உப்பேறிவிடும். வாளியின் விளிம்பில் வெள்ளை படியும், செடிகளின் இலையோரம் கருகும். ஆகவே எங்கள் வீட்டில் எதை நட்டாலும் மழைக்கும் உப்புக்கும் நடுவில் கிடைக்கிற அந்தச் சின்னப் பருவத்துக்குள் பூத்துக் காய்த்து வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். குழாயில் நல்ல தண்ணீர் வருவதோ எப்போதாவதுதான். அதைச் செடிக்கு ஊற்றினால் அம்மா உயிரோடு விட மாட்டார்.

சுவர் வருவதற்கு முன்னால் அந்தப் பருவத்தில் பூசணி போடுவது பெரியத்தாவின் வேலை. பிரியாணிக்கு ஊற்றும் கடைத் தால்ச்சாவில் வீட்டுப் பூசணித் துண்டு ஒரு நாளாவது கிடக்க வேண்டும் என்பார். அதனால்தான் அந்த வருஷம் அத்தாவுக்கும் பூசணி போட்டே தீர வேண்டியிருந்தது. “இந்த ஒரு கொடி காச்சு, நீங்க ஊருக்கே தால்ச்சா ஊத்தப் போறீகளாக்கும்” என்று அம்மா கேட்டார். அத்தா காதில் வாங்கவில்லை.

மார்கழி பிறந்ததும் கொடி பூக்கத் தொடங்கியது. எங்கள் பக்கம் விடிந்தால் மஞ்சள் மஞ்சளாகப் பூ. எதிர்வீட்டு அக்கா கோலத்துக்குக் கேட்டு வருவார். சாணியை உருண்டை பிடித்துக் கோலத்தின் நடுவில் வைத்து, அதன் தலையில் ஒரு பூசணிப்பூவைச் செருகுவார். அம்மா தாராளமாகப் பறித்துக் கொடுத்தார். அத்தா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொடியையே பார்த்தார். அத்தனை பூவிலும் ஒரு பிஞ்சு இல்லை. நீளக் காம்பும் நடுவில் மஞ்சள் தூளுமாக எல்லாம் ஆண்பூ. அடியில் கோலிக்குண்டு போலப் பிஞ்சோடு வருகிற பெண்பூக்கள் கொடியின் நுனிப் பக்கம்தான் வந்தன. நுனி இருந்ததோ பெரியத்தா வீட்டில். கொட்டகைத் தகரத்தின் மறுபக்கம் தொங்கிக்கொண்டு, பூத்த மூன்றாம் நாள் பிஞ்சு மஞ்சளடித்து விழுந்துகொண்டிருந்தது.

கடைக்குக் காய்கறி அனுப்புகிற தொப்பம்பட்டி விவசாயி ஒருவரிடம் அத்தா போனில் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். “ஏனுங்க பாய், டவுனுக்குள்ள தேனீ எங்கீங்க வரும்? ஆண்பூவப் பறிச்சு, இதழப் பிச்சுப் போட்டுப்போட்டு, பெண்பூவுக்குள்ள நீங்களே தேச்சு உடுங்க. வெயில் ஏறுனாப் பூ மூடிக்குமுங்க, காலைலயே செய்யோணும்” என்றார் அவர். வேலை சுலபம்தான். ஆண்பூ இங்கே, பெண்பூ அங்கே, நடுவில் சபதம்.

அத்தா ஒரு பகல் முழுக்க யோசித்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

எங்கள் வீட்டில் நானும் அக்காவும் இரண்டு பெண்கள். அக்காவிடம் ஒரு சங்கதி சொன்னால் அது கிணற்றில் போட்ட கல். என்னை ஓட்டைவாய் என்பார்கள். வீட்டில் என்ன குழம்பு, யார் யாரைத் திட்டினார்கள், அம்மா வளையலை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார், எல்லாம் என் மூலமாகத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அத்தா அக்காவை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பழைய பிரியாணித் தேக்சா ஒன்றைச் சுவரோரம் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறிச் சுவர் தாண்ட வழி சொன்னார். அந்தப் பக்கம் விறகு அடுக்கு இருந்தது. அதில் கால் வைத்து இறங்கலாம். “பிஸ்மில்லா சொல்லிப் பதனமாத் தேயி. பூ நசுங்கிறக் கூடாது” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “யாராச்சும் கேட்டா, நீயாத்தான் வந்தேன்னு சொல்லணும். அத்தா அனுப்பிச்சாருன்னு வாயே தெறக்கக் கூடாது, வெளங்குதா?” என்றார். நான் மண்டையை ஆட்டினேன். என்னை நம்பி ஒருவர் ரகசியம் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அத்தா விடியற்காலைச் சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும், ஒரு ஆண்பூவை வாயில் கவ்விக்கொண்டு சுவரேறினேன். அந்த நேரத்தில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். பெரியத்தா விடிவதற்கு முன்பே கறி வாங்கக் கிளம்பிவிடுகிற மனிதர். ஆனால் கொட்டகைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, இரண்டு கால்களையும் ஒரு முக்காலியில் தூக்கி வைத்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். கால்கள் வீங்கிப் பளபளவென்றிருந்தன. விறகு அடுக்கில் பாதி வழியில் நான் பூவோடு நின்றேன்.

“யாரு, தம்பி மகளா? என்னத்த கவ்விட்டு வார?”

பூவைக் கையில் எடுத்துக்கொண்டு, “தேச்சு விடணும். இல்லாட்டி காய் நிக்காது” என்றேன்.

பெரியத்தா கொடியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். “ஒங்கத்தா சொல்லி விட்டானா?”

“இல்ல. நானாத்தான் வந்தேன்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

அவர் முக்காலியிலிருந்து ஒரு காலை இறக்கி வைத்தார். பிறகு, “சரி, தேய்யி. அந்தா அந்த ஓரத்துல ஒண்ணு விரிஞ்சிருக்கு பாரு” என்று கை நீட்டினார். நான் தேய்த்துவிட்டுத் திரும்பி ஏறும்போது, “ஏ வண்டு” என்று கூப்பிட்டார். “நான் கேட்டேன்னு ஒங்கத்தாட்டப் போய் ஒளறிறாத.”

ஒரே காலையில் இரண்டு ரகசியம். நெஞ்சு நிமிர்ந்துபோனது எனக்கு.

இந்தப் பக்கம் அத்தா தேக்சாவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். என்னைத் தூக்கி இறக்கிவிட்டு, “பூ விரிஞ்சிருந்துச்சா?” என்றார். விரிந்திருந்தது என்றேன். “அங்கிட்டு யாரு இருந்தா?” பெரியத்தா என்றேன். “இந்நேரத்துக்கா? கடைக்குப் போகலியா? உக்காந்திருந்தாரா, படுத்திருந்தாரா?” உட்கார்ந்திருந்தார் என்றேன். “ஏதாச்சும் கேட்டாரா?”

“ஒண்ணுமே கேக்கல அத்தா.”

அத்தா மாட்டிக்கொள்ளப் பயப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியது. அடுத்தவர் வீட்டுக் கூரையில் காய் பிடிக்க வைப்பது ஒரு வகைத் திருட்டுத்தானே. அவரைத் தைரியப்படுத்த, “நம்மளப் பிடிக்க மாட்டாரு அத்தா. காலெல்லாம் வீங்கிப் போச்சு, எந்திரிக்கவே முடியாது” என்றேன். அத்தா அன்றைக்குக் காலைப் பசியாறவில்லை. பரோட்டா ஆறிப்போய்க் கிடந்தது. அதை நான்தான் தின்றேன்.

அதற்குப் பிறகு தினமும் இதே கதைதான். பெரியத்தா நாற்காலியில் எனக்கு முன்பே தயாராக இருப்பார். மறுநாள் விரியப்போகிற பெண்பூவை முந்தின சாயங்காலமே பார்த்து, எறும்பு போகாமல் வாயை நூலால் கட்டி வைத்திருப்பார். எனக்கென்று பொரிகடலையும் ஒரு கிண்ணத்தில் இருக்கும். “கடை எப்பிடி ஓடுது?” என்று கேட்பார். பாதியில், “எனக்கென்ன, எப்பிடி ஓடுனா என்ன” என்று தானே சொல்லிக்கொள்வார். போகும்போது, “இன்னைக்காச்சும் ஒங்கத்தா ஏதும் சொன்னானா?” என்பார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு தலையாட்டிவிட்டு வருவேன். இந்தப் பக்கம் அத்தா, “ஏதாச்சும் கேட்டாரா?” என்பார். இங்கேயும் அதே தலையாட்டல். என் வாய்க்குள் அந்த இரண்டு சங்கதியும் எப்படித் துள்ளின என்பது எனக்குத்தான் தெரியும். சில நாள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் காய் நிற்கவில்லை. நான் அவசரத்தில் தேய்த்தது சரியில்லையோ, பூவின் ஈரமோ, பிஞ்சுகள் கொஞ்சம் பருத்துப் பிறகு வெம்பி விழுந்தன. மார்கழி கடைசியில் இருந்தது. பெண்பூ வருவதும் குறைந்துவிட்டது. ஒரு நாள் பெரியத்தா நூல் கட்டிய பூவைக் காட்டி, “வண்டு, இதான் கடைசின்னு நெனைக்கிறேன். இதுக்கு அப்புறம் மொட்டே காணோம். நாளைக்கு நல்ல பூவாக் கொண்டு வா” என்றார்.

மறுநாள் பார்த்துக் கொல்லையில் ஒரு ஆண்பூகூட இல்லை. நான் எழுவதற்கு முன்னால் எதிர்வீட்டு அக்கா வந்திருக்கிறார், அம்மா இருந்த பூவையெல்லாம் பறித்துக் கொடுத்திருக்கிறார். “காய்க்காத பூ தானே, குடுத்தா என்ன?” என்று அம்மா கேட்டதும் அத்தாவுக்கு வந்த கோபத்தைப் போல நான் பிறகு பார்த்ததில்லை. அம்மாவும் விடவில்லை. “ஒரு பூசணிக்காய்க்கா இம்புட்டு ஆட்டம்?” என்றார். அத்தா கொடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. தெருவுக்கு ஓடினேன்.

எதிர்வீட்டு வாசலில் பெரிய கோலம். நடுவில் வரிசையாகச் சாணி உருண்டைகள், ஒவ்வொன்றின் தலையிலும் எங்கள் வீட்டுப் பூ. “அக்கா, ஒரு பூவத் திருப்பிக் குடுங்க. பெரியத்தா வீட்டுக் கொடிக்கு வேணும்” என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அந்த அக்காவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. கோலத்தில் வைத்ததை எடுக்கலாமோ கூடாதோ என்று ஒரு கணம் தயங்கினார். பிறகு, “புள்ள மொகத்தப் பாத்தா இல்லேங்க முடியல” என்று, கோடு அழியாமல் குனிந்து, ஓரத்து உருண்டையிலிருந்து நன்றாக விரிந்த பூவாக ஒன்றை உருவிக் கொடுத்தார். காம்பில் சாணி ஒட்டியிருந்தது. அன்றைக்கு மட்டும் அதை வாயில் கவ்வவில்லை.

நான் தாமதமாகப் போனதில் பெரியத்தா நாற்காலியை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வெயில் ஏறிப் பெண்பூ வாய் கூம்பத் தொடங்கியிருந்தது. அவர் வீங்கிய விரல்களால் இதழ்களை விலக்கிப் பிடித்தார். நான் தேய்த்தேன். மெதுவாக, சுற்றிச் சுற்றி, தூள் முழுக்க ஒட்டுகிற வரைக்கும் தேய்த்தேன். பிறகு அவரே பூவின் வாயை நூலால் கட்டினார். முடிச்சுப் போட வெகுநேரம் ஆயிற்று.

அந்தப் பிஞ்சு நின்றது.

தை பிறந்தது. தண்ணீர் உப்பேறியது. இலைகள் கருகத் தொடங்கின. காய் முற்றுவதற்குள் கொடி போய்விடும் என்று அத்தா நிலைகொள்ளாமல் அலைந்தார். ஒரு நாள் காலையில் பார்த்தால், யாரும் ஊற்றாமலே கொடியின் வேரடியில் ஈரம். சுவரின் அடியில் மழைத் தண்ணீர் போக விட்டிருந்த ஓட்டை வழியாக அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் கசிந்து வந்திருந்தது. அத்தா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பில்லை. குடிக்கிற தண்ணீர். அவர் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைக்கு நேரமாகிறது என்று அம்மா இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார். எழுந்தவர் தெருவாசல் வரைக்கும் வேகமாகப் போனார். செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

பூத் தேய்க்கிற வேலை முடிந்துவிட்டாலும், காய் எப்படி இருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லி அத்தா என்னை அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியாக நான் போனபோது பெரியத்தா நாற்காலியில் இல்லை, முற்றத்துக் கட்டிலில் படுத்திருந்தார். காய் கொட்டகை ஓரம் வைக்கோலில் உட்கார்ந்திருந்தது. பெரியம்மா என்னைக் கூப்பிட்டுக் கட்டிலருகில் நிறுத்தினார். பெரியத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, “வண்டு, கடைசியாக் கேக்குறேன். ஒங்கத்தா ஒன்ன அனுப்பவே இல்லியா?” என்றார்.

எத்தனை நாள் கட்டிக் காத்த ரகசியம். கடைசி நேரத்தில் விட்டுவிடுவேனா? “அல்லா மேல சத்தியமா நானாத்தான் வந்தேன் பெரியத்தா” என்றேன். அவர் சரி என்பது போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சிறுநீரகம் இரண்டும் எப்போதோ போய்விட்டன என்பதெல்லாம் நான் பெரியவளான பிறகு காதில் விழுந்தது. மாசியில் ஒரு மத்தியானம் அவரை உயிரில்லாத மையத்தாகத்தான் கொண்டுவந்தார்கள். அத்தா கடையிலிருந்து லுங்கியும் தோள்துண்டுமாக, கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஓடி வந்தார். தெருவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வாசற்படியை மிதித்து உள்ளே போனார்.

மௌத்தான வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். மூன்றாம் நாள் பாத்திஹா ஓதிப் போடும் சாப்பாட்டை நாங்கள்தான் ஆக்கினோம். அத்தா வேறு ஆளை விடவில்லை. எங்கள் கொல்லையில் கல் கூட்டி, நான் ஏறி நின்ற அந்தப் பழைய தேக்சாவையே துலக்கி அடுப்பில் வைத்தார். தால்ச்சாவுக்கு என்று பெரியம்மா அந்தப் பூசணிக்காயைக் கொடுத்துவிட்டார். வெளியே சாம்பல் பூத்து, உள்ளே நல்ல மஞ்சளாக இருந்தது. அத்தா அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து துண்டு போட்டார். என் காய் அது. பெருமை தாங்காமல் நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பெரியத்தா மௌத்தாகிவிட்டதால் அவருக்குக் கொடுத்த வாக்கு முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. “அத்தா, பெரியத்தா தெனமும் கேட்டாரு” என்றேன்.

அத்தாவின் கை நின்றது. “என்னத்தக் கேட்டாரு?”

“ஒங்கத்தா சொல்லி விட்டானான்னு. கடைசி நாளுங்கூடக் கேட்டாரு, கையப் புடிச்சுக்கிட்டு.”

“நீ என்னம்மா சொன்ன?”

“நீங்க சொல்லச் சொன்னதத்தான் சொன்னேன். நானாத்தான் வந்தேன்னு.”

“ஒரு தடவகூட சொல்லலியாம்மா? தவறிக்கூட?”

வீட்டில் இத்தனை வாய்கள் இருக்க, அவர் ஏன் ஓட்டைவாயான என்னைத் தேர்ந்தெடுத்துச் சுவரேற்றினார் என்பது எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று. சபதமும் உடையக் கூடாது, அண்ணனுக்குச் செய்தியும் போய்ச் சேர வேண்டும். நான் கட்டாயம் உளறிவிடுவேன் என்று நம்பி ஒவ்வொரு காலையும் அவர் அந்தச் சுவரோரம் காத்து நின்றிருக்கிறார். இன்றைக்கும் அத்தா தால்ச்சாவில் பூசணி போடுவதில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு, சீக்கிரம் குழைந்துவிடும் என்று பதில் சொல்கிறார். நான் பக்கத்தில் இருந்தால் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? நான் நிமிர்ந்து உட்கார்ந்து, “ஒரு தடவகூட சொல்லல அத்தா” என்றேன். என் வாயைப் பற்றி வீட்டில் இனி யாரும் குறை சொல்ல முடியாது. நறுக்கிய துண்டுகளின் மேல் கையை வைத்தபடி அத்தா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கெட்டிக்காரி என்று அவர் சொல்லப்போகும் வார்த்தைக்காக நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.